கைமேல் உட்கார்ந்த தீபாவளி

எனக்கு அறுபத்தொன்பது முடிந்து எழுபது நடக்கிறது. வளர்த்தது ரெண்டு. ரெண்டுதானா என்று உதட்டைப் பிதுக்காதீங்க. உங்களில் அஞ்சு பெற்றவங்க உண்டு, ஏழு பெற்றவங்களும் உண்டு. உங்க ஏழும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்திருக்கும். என் ரெண்டில் ஒன்றுக்குக் கூப்பிட்டால் கேட்காது, இன்னொன்று கேட்டாலும் திரும்பாது. அப்படிப்பட்ட ரெண்டை வளர்த்து ஆளாக்கினவள் நான். என்னை யாரும் குறைச்சல் சொல்ல முடியாது.

நம்ம தமிழ்க்காரங்க சனிக்கிழமைக் கூட்டத்தில், மலருக்கு ஆளுக்கொரு பழைய தீபாவளியை எழுதித் தரணும் என்று முடிவு செய்தீங்க. "நீங்க வாயால சொல்லுங்கம்மா, நாங்க எழுதிக்கிறோம்" என்று எனக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தீங்க. வேண்டாம் என்று விட்டேன். ஆரணிப் பக்கத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டினால் வரும், மெதுவாக வரும், அவ்வளவுதான். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருந்தால் நீங்களே திருத்திக்குங்க. இந்த நோட்டில் பத்து நாளாக எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை, தீபாவளி எங்கேயும் ஓடிப் போகாது.

அப்போ நாங்க இப்போ இருக்கிற இந்த நிக்டிக்கு வரவில்லை. பிம்ப்ரியில், மராத்திக்காரங்க நடுவில், ரயில் பாதையை ஒட்டி ஒரு சாலில் இருந்தோம். புதிதாக வந்தவங்களுக்குச் சொல்கிறேன், சால் என்றால் ஒரே நீள வராந்தா, வரிசையாகப் பதினாலு கதவு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். என் வீட்டுக்காரருக்குப் பாட்டில் கம்பெனியில் வேலை. கம்ப்ரசர் ரூமில், காற்று அடிக்கிற மிஷின் பக்கத்தில் நிற்கணும். அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே பேசினதால் வீட்டிலும் அவருக்குக் குரல் இறங்காது. "உப்பு எடு" என்று இங்கே சொன்னால் பதினாலாவது கதவில் உப்பு எடுப்பாங்க.

மகளுக்கு எட்டு வயசு. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மகனுக்கு அஞ்சரை. அவனுக்குக் கேட்கும், தேவைக்கு மேலேயே கேட்கும். பேச்சுதான் இல்லை. முகத்தைப் பார்க்க மாட்டான். சட்டைத் தையல் உடம்பில் பட்டால் உரிச்சு எறிவான். எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு கிடையாது. நான் பாத்திரத்தின் மேல் பாத்திரம் அடுக்கும்போது நடுவில் துணி வைத்து அடுக்குவேன். இப்போ அதற்கு ஒரு பேர் இருக்குது, பேத்தி போனில் காட்டினாள். அப்போ பேர் இல்லை. டாக்டர், "பெரியவன் ஆனால் சரியாகிவிடும்" என்றார். சாலில் வேடா என்றாங்க. மராத்தியில் பைத்தியம் என்று அர்த்தம். எனக்கு அந்த வார்த்தைதான் மராத்தியில் முதலில் புரிந்த வார்த்தை.

மகள் போன பள்ளிக்கூடத்து டீச்சர் நல்லவங்க. காட்டன் புடவையில் கஞ்சி மொடமொடக்கும். அவங்க என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் சொன்னாங்க: "வீட்டில் கையை ஆட்டிப் பேச விடாதீங்க. கை பேசினால் வாய் பேசாது. ஆட்டினால் கை மேலேயே உட்கார வையுங்க." அந்தக் காலத்தில் அதுதான் சரி என்று எல்லாரும் நினைத்தாங்க. படித்தவங்க சொல்கிறாங்க, நாலாம் வகுப்பு நான் மறுத்துப் பேசுவேனா? மகள் கையைத் தூக்கினால் தரையை ரெண்டு தட்டு தட்டுவேன். தட்டுவது அவளுக்குக் கேட்காது, கண்ணுக்குத் தெரியும். ரெண்டு உள்ளங்கையையும் சிமெண்டுத் தரையில் வைத்து அதன் மேல் உட்காருவாள். எழுந்திருக்கும்போது உள்ளங்கையில் மணல் பொடிப்பொடியாகப் பதிந்திருக்கும். ஊதிவிடுவாள். அழுததில்லை.

கட்டிலுக்கு அடியில் மட்டும் நான் விட்டுவிடுவேன். அக்காவும் தம்பியும் அங்கே போய் ஒருத்தர் எதிரில் ஒருத்தர் குந்திக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டு இருப்பாங்க. சரி, குரங்குச் சேட்டை, கொஞ்ச நேரம் என் வேலை நடக்கும் என்று இருப்பேன்.

நான் சொல்ல வந்த தீபாவளிக்கு முந்தின வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தை உள்ளே விட்டாங்க. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் விடுவாங்க. மிஷினுக்கெல்லாம் சாமந்தி மாலை, சந்தனப் பொட்டு. பையனை இடுப்பில் வைத்திருந்தேன். இவர் கம்ப்ரசர் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். காதில் சிவப்பாக ரெண்டு கிண்ணம், தலைக்கு மேல் ஒரு வளையம். சத்தம் கேட்காமல் இருக்கக் கம்பெனி கொடுத்தது. எங்களைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் பொரியும் பூந்தியும் பொட்டலம் கொடுத்தாங்க, வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஒன்று ஆரம்பித்தது. சாயந்திரம் இவர் வந்து சைக்கிளை வராந்தாவில் சாத்துவார். வாசலில் கால் வைப்பார். பையன் ரெண்டு கையையும் கிண்ணம் மாதிரி குவித்துக் காதில் வைத்துக்கொள்வான். இவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, தினமும். இவர் முதலில் சிரித்தார். அப்புறம் குரலை அடக்கிப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்குள் பேசுவதையே விட்டுவிட்டார். உப்பு வேண்டும் என்றால் விரலால் தட்டைக் காட்டுவார். ஒரு நாள் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார், "நான் வந்தாலே அவனுக்கு நரகமா இருக்குதுடி."

அடுத்த வருஷம், நான் சொல்ல வந்த அந்தத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் என் நாத்தனார் ஊரிலிருந்து வந்தாங்க. இவருக்கு மூத்தவங்க. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ரெண்டு ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லையும் ரெண்டு மாடும் இருந்தது. இடது கன்னத்தில் எப்பவும் வெற்றிலை அடக்கி இருக்கும், எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. வந்த மூணாம் நாள் ஆரம்பித்தாங்க.

"ஏண்டி, உனக்கு மாரடிக்க அந்தப் பொண்ணு ஒண்ணு பத்தாதா? இவன என்னாண்ட குடு. கொல்லில வுட்டா மாடு கன்னோட திரிவான். அங்க பட்டாசா, ரயிலா, ஒண்ணு கெடையாது."

"பள்ளிக்கூடம் அண்ணி?"

"இங்க மட்டும் கலெக்டருக்குப் படிக்கிறானாக்கும்!"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தட்டைப் பார்த்தார். "அக்கா சொல்றது சரிதான். என் சத்தம் இல்லாத எடத்துல இருக்கட்டும்" என்றார். எங்கே பையன் காதைப் பொத்திவிடுவானோ என்று மெதுவாகத்தான் சொன்னார். தீபாவளிக்கு மறுநாள் காலையில் ரயில். நாத்தனாருக்கு ஒரு டிக்கெட், பையனுக்கு ஒரு அரை டிக்கெட். அவனுடைய துணிமணிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினாங்க.

நான் என்ன சொன்னேன் என்று கேட்பீங்க. வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு உடம்பும் மனசும் ஓய்ந்திருந்தது. ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கலாம் என்று ஒரு நினைப்பு வந்து போனது. வந்ததை எழுதுகிறேன், மறைக்க என்ன இருக்குது.

தீபாவளி அன்றைக்கு விடியும் முன்னே எழுந்தேன். குழாயடியில் முதல் ஆளாக நிற்கணும், இல்லாவிட்டால் பதினாலு வீட்டு எண்ணெய்க் குளியலுக்கும் பின்னால் போய்விடும். வராந்தாவில் கந்தில் தொங்கிக்கொண்டிருந்தது, காகித நட்சத்திர விளக்கு. பச்சைக் காகிதம், ஒரு முனை கிழிசல். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாவை நாங்க காகூ என்போம். காகூ வாசனைப் பொடியும், ஒரு சின்னக் கசப்புக்காயும் கொண்டு வந்து கொடுத்தாங்க. குளித்துவிட்டு அந்தக் காயை இடது காலால் நசுக்கணும், நசுக்கினால் அசுரன் செத்தான் என்று கணக்கு. மகள் ஒரே மிதியில் அசுரனைக் கொன்றாள். பையன் காயை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இவன் அசுரனையே காப்பாத்துறானே" என்று காகூ சிரித்தாங்க.

பையனுக்கு எண்ணெய் தேய்ப்பது ஒரு யுத்தம். நாத்தனார் காலைப் பிடிக்க, நான் தலையைப் பிடிக்க, சீயக்காய் மூணு பேர் கண்ணிலும். புதுச் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டேன், அப்போதான் தையல் உறுத்தாது. "இன்னாடி இது, பிணத்துக்குப் போடற மாதிரி" என்று நாத்தனார் திட்டினாங்க. இவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ரெண்டு இட்லியும் கறிக்குழம்பும் நின்றுகொண்டே சாப்பிட்டு, காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். பாட்டில் கம்பெனி உலை தீபாவளிக்கும் அணையாது, பொங்கலுக்கும் அணையாது. போகும்போது பையன் பக்கம் திரும்பவில்லை. அவன் காதில் கிண்ணம் வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி நின்றான்.

வெளிச்சம் வந்ததும் வெடி ஆரம்பித்தது. மகளுக்கு வெடி என்றால் உயிர். சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்பாள். பெரிய வெடி வெடித்தால் சுவர் அதிரும், அவள் சிரிப்பாள். கைதான் அவளுக்குக் காது. பையன் கட்டிலுக்கு அடியில். ரெண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்குள் திருகிக்கொண்டு, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு கிடப்பான். நடுவில் வெடி ஓய்ந்தால் வெளியே வருவான். ஒன்று சிரிக்க, ஒன்று நடுங்க, நான் ஒரு காலை வராந்தாவிலும் ஒரு காலைக் கட்டிலடியிலும் வைத்துக்கொண்டு முறுக்கு சுட்டேன்.

பத்து மணி வாக்கில் குழாயடியில் ஒரே ரகளை. இந்த ஊர்ப் பிள்ளைங்க தீபாவளிக்கு மண்ணில் கோட்டை கட்டுவாங்க, உங்களுக்குத் தெரியும். கடுகு தூவிப் புல் முளைக்க வைத்து, மண் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்துவாங்க. என் மகன் அத்தனை சிப்பாயையும் எடுத்து வராந்தா ஓரமாக, உயரம் பார்த்து, சுவரைப் பார்த்தபடி வரிசையாக நிறுத்தி இருக்கிறான். முப்பது நாற்பது இருக்கும். "காகூ, ராஜாவையும் சுவரைப் பார்த்து நிக்க வச்சுட்டான்!" என்று பிள்ளைங்க அழுகை. காகூ இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க கோட்டையில ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கிடந்தாங்க. இவன்கிட்ட வந்ததும் எப்படி லைன்ல நிக்கிறாங்க பாருங்க" என்று சொல்லி ஆளுக்கொரு கரஞ்சி கொடுத்து அனுப்பினாங்க. கரஞ்சி என்றால் நம்ம சோமாசிதான், பேர்தான் வேறு.

சாப்பாட்டுக்குப் பிறகு, மணி ரெண்டு இருக்கும். கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பையன் வராந்தாவில் உட்கார்ந்து கசப்புக்காயை உருட்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் குழாயில் தண்ணிக்கு நின்றாங்க. நான் கடைசி ஈடு முறுக்கை எண்ணெயில் போட்டேன். அப்போ எவனோ ஒரு தடியன் சரவெடியைத் தகர டிரம்முக்குள் போட்டுக் கொளுத்திவிட்டான். சால் முழுக்க இடி விழுந்த மாதிரி. வராந்தா புகை மூட்டம்.

மகள் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ரெண்டு கையையும் காதில் குவித்து வைத்துக் காட்டினாள். அப்புறம் கையை நீட்டி ரோட்டுப் பக்கம் காட்டினாள். மறுபடி காது, மறுபடி ரோடு. வாயில் ஒரு சத்தம் வந்தது, வார்த்தையாக வரவில்லை.

"தெரியும்டி. வெடிக்குப் பயந்து காதப் பொத்திக்கிட்டான். கட்டிலடிக்குப் போயிருப்பான்" என்றேன். அவள் விடவில்லை. காது, ரோடு. காது, ரோடு. எண்ணெய் புகைகிறது. நான் கரண்டிக் காம்பால் தரையை ரெண்டு தட்டு தட்டினேன்.

அவள் கையைக் கீழே வைத்தாள். அதன் மேல் உட்கார்ந்தாள்.

முறுக்கைத் திருப்பிப் போட்டேன். எடுத்தேன். எண்ணெய் வடிய வைத்தேன். அடுப்பை அணைத்தேன். அப்புறம்தான் கட்டிலடியைப் பார்த்தேன். அவனுடைய புதுச் சட்டை மட்டும் கிடந்தது.

கக்கூஸ் வரிசையைப் பார்த்தோம். மொட்டை மாடி, தண்ணித் தொட்டி, கோட்டைக்குப் பின்னால், பதினாலு கட்டிலடியும் பார்த்தோம். நாத்தனார் குடத்தைப் போட்டுவிட்டு "ஐயோ ரயிலு, ரயிலு" என்று மாரில் அடித்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் ஓடினாங்க. காகூ வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். நான் ரயில் பாதை வரைக்கும் போய் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தேன். கல்லும் வெயிலும்தான் இருந்தது. வாயால் கூப்பிடவும் முடியாது. கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளையா?

திரும்பி வந்தபோது காகூ எங்க வாசலில் நின்று என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாங்க. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகள் அதே இடத்தில், அதே மாதிரி, கை மேல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தண்ணி ஓடுது. எழுந்திருக்கச் சொல்லி நான் சொல்லவில்லையே.

"எதுக்கு இந்தப் பொண்ணை இப்படிப் போட்டு வச்சிருக்கே? அது ஏதோ சொல்லணும்னு துடிக்குது, கண்ணு தெரியலையா உனக்கு?" காகூ மராத்தியில் கத்தினது எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அவங்களே அவள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாங்க.

தூக்கின கை விடுவதற்குள் அவள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். காலில் செருப்பு இல்லை, கையில் முறுக்கு மாவு. ரயில் பக்கம் போகவில்லை அவள். ரோட்டைத் தாண்டி, ரேஷன் கடைச் சந்தில் புகுந்து, உடைந்த பாட்டில் மலை மாதிரிக் குவிந்து கிடக்குமே, பச்சையும் பழுப்புமாக வெயிலில் கண்ணைக் குத்தும், அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போனாள்.

சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தான். மேலே சட்டை இல்லை. எண்ணெய் மினுமினுக்கிற முதுகு. நூறு சைக்கிளில் அவன் அப்பா சைக்கிளைக் கண்டுபிடித்து, பக்கத்தில் குந்திக்கொண்டு பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான். கேட்டு வாட்ச்மேன் ஒரு ஸ்டூலும் ஒரு தம்ளர் தண்ணியும் கொண்டு வந்து வைத்திருந்தார். ரெண்டையும் அவன் தொடவில்லை.

"உங்க பையனா? வந்து ரொம்ப நேரமாச்சு" என்றார் வாட்ச்மேன் இந்தியில். "யாரு பையன்டா நீ, யாரைப் பார்க்க வந்தேன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்திக்கிறான். நான் என்ன அவ்வளவு மோசமாவா பேசுறேன்?"

நான் அதற்குப் பதில் சொல்லும் முன் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியது. கேட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சங்கு என்றால் நமக்கே காது அடைத்துப் போகும். பையன் ஆள்காட்டி விரல் ரெண்டையும் காதுக்குள் திருகிக்கொண்டு தலையைத் தொடைக்குள் புதைத்தான். சங்கு நின்றது. விரலை எடுத்தான். ஆட்கள் வெளியே வந்தாங்க. கூட்டத்தில் இவர் வந்தார், தீபாவளி அவசரத்தில் அந்தச் சிவப்புக் கிண்ணத்தைக் கழற்றி வைக்க மறந்து கழுத்தில் போட்டபடியே.

பையன் நிமிர்ந்தான். ரெண்டு கையையும் குவித்துக் காதில் வைத்தான். விரல் இல்லை. கிண்ணம்.

அப்போதான் எனக்கு முதல்முதலாக ஏதோ உறைத்தது. சத்தத்துக்கு விரல், இதற்குக் கிண்ணம், ரெண்டும் வேறு வேறு என்று. ஒரு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

இவர் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். கூட வந்தவங்க எல்லாரும் பார்க்கிறாங்க. முகம் சுருங்கிப்போய், "சரிடா, சரி. நான் கிட்ட வரல" என்று கையைக் காட்டினார்.

மகள் அவரிடம் போனாள். சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக் குனிய வைத்தாள். கழுத்திலிருந்த கிண்ணத்தைத் தூக்கி அவர் காதில் மாட்டினாள். ரெண்டடி பின்னால் வந்தாள். தன் ரெண்டு கையையும் காதில் குவித்து வைத்தாள், அவரைச் சுட்டிக் காட்டினாள். மறுபடி காது, மறுபடி அவர். அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு நொடி தயங்கினாள். நான் தரையைத் தட்டுவேனோ என்று பார்த்தாள். தட்டவில்லை. தன் மூக்கின் இடது பக்கத்தை ரெண்டு விரலால் கிள்ளினாள், என்னைச் சுட்டினாள். என் மூக்குத்தி. அது நான். காதில் கிண்ணம், அது அப்பா. பையனும் மூக்கைக் கிள்ளிவிட்டு, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, மறுபடி காதில் கிண்ணம் வைத்தான்.

கட்டிலுக்கு அடியில் அவள் அவனுக்கு எங்க பேரையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இவர் மகளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "பேரா? என் பேராடி அது? என்னைக் கூப்பிடறானா?" என்று கேட்டார். காதில் கிண்ணம் மாட்டியிருந்ததால் தன் குரல் அவருக்கே தெரியவில்லை. அந்தக் கத்தலில் சைக்கிள் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன் சடக்கென்று விரலைக் காதுக்குள் திருகினான். கத்தல் அடங்கினதும் எடுத்தான். பழையபடி கிண்ணம் வைத்தான்.

இவர் கிண்ணத்தின் மேலேயே தன் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் அந்த ஸ்டூலை எடுத்து வந்து அவருக்குப் போட்டார், அவரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தோம். பையன் சைக்கிள் பாரில், மகள் கேரியரில், நான் வெறுங்காலில். தண்டவாளத்துப் பக்கமிருந்து திரும்பி வந்த நாத்தனார் பையனைத் தடவித் தடவிப் பார்த்தாங்க, முழுசாக இருக்கிறானா என்று. இவர் நடந்ததைச் சொன்னார். ஒரு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்குள் முழுக் குரலில் பேசினார், பதினாலு கதவும் கேட்டது.

"கை பேசுதாம், கை!" என்றாங்க நாத்தனார். "அப்ப எனக்கு இன்னா பேரு வச்சிருக்குதுங்களாம்?"

இவர் மகளைப் பார்த்து, தன் அக்காவைச் சுட்டிக் காட்டினார். மகள் என்னைப் பார்த்தாள், அப்புறம் நாக்கால் இடது கன்னத்தை உள்ளேயிருந்து தள்ளி எலுமிச்சம்பழம் மாதிரிப் புடைக்க வைத்து, அதன் மேல் ஒரு விரலால் தட்டினாள். மகனும் தட்டினான். காகூ வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாங்க. நாத்தனார் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஆணியிலிருந்த மஞ்சள் பையை எடுத்து, அவனுடைய துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் திரும்ப வைத்தாங்க. யாரும் அவங்களை வைக்கச் சொல்லவில்லை.

மறுநாள் ரயிலுக்குத் தனியாகப் போனாங்க. அரை டிக்கெட் வீணாகப் போனது. அவங்க பையில் பையனுடைய பழைய சட்டை ஒன்று போனதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. அப்போ, தொலையுது, பழைய துணிதானே என்று நினைத்தேன். இப்போ இத்தனை வயசுக்கு மேல் யோசித்தால், மாட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் அவங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டியிருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதைக் கேட்கத் தெரியாமல் திட்டிக் கேட்டாங்க. நான்தான் பொல்லாதவங்க என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பையன் பேசிவிட்டானா என்று கேட்பீங்க. இல்லை. இன்றைக்கு வரைக்கும் வாயால் ஒரு வார்த்தை கிடையாது. நாற்பத்தொரு வயசு. என்னோடுதான் இருக்கிறான். மகள் துணிக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். அவள் புருஷனுக்கும் காது கேட்காது, நல்ல மனுஷன். எதிர் வீடுதான். தீபாவளிக்கு நான் இப்போ முறுக்கு சுடுவதில்லை, கடையில் வாங்குகிறோம். என் மகன் அதைப் பெரிசு சிறிசு பார்த்து வரிசையாக அடுக்குவான், அப்புறம்தான் எல்லாரும் சாப்பிடணும்.

அந்தப் பச்சைக் கந்தில் இல்லை. அந்தச் சால் இல்லை, அங்கே இப்போ கட்டிடம். சிவப்புக் கிண்ணத்தின் பஞ்சு உதிர்ந்து உதிர்ந்து வெறும் ஓடு கொஞ்ச நாள் இருந்தது, வீடு மாறும்போது எதில் கட்டினோம் என்று தெரியவில்லை. அதன் சொந்தக்காரரும் போய் ஆறு வருஷம் ஆகிறது. என் மூக்குத்தி அதற்கு முன்னாலேயே எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஆனாலும் என் பேர் அதேதான். இவர் பேரும் அதேதான். சாயந்திரம் ஆனால் என் மகன் கதவுப் பக்கம் பார்த்துக் காதில் கிண்ணம் வைக்கிறான். நானும் வைத்துக் காட்டுகிறேன். வேறு என்ன சொல்வது.

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவங்க சொன்னாங்க. தரையைத் தட்டினது நான். முறுக்குக்கு நேரம் இருந்தது, 'அப்பாகிட்டப் போயிட்டான்' என்று அவள் கையால் சொன்னதைப் படிக்க நேரம் இல்லை. நாலாம் வகுப்பு என்று அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். காகூ ஒரு வகுப்பும் படித்தவங்க இல்லை.

மகளிடம் இதைப் பற்றி நான் இதுவரைக்கும் பேசினதில்லை. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவளும் கேட்டதில்லை. அதனால்தான் உங்க மலருக்கு என்று சாக்குச் சொல்லி எழுதினேன்.

பேத்திக்குப் பன்னிரண்டு வயசு. தமிழ் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடையாது, எழுத்தெல்லாம் என்னிடம் படித்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாத ற அவளுக்கும் தெரியாது. இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

போதும், முடிச்சிட்டேன். இந்தா கண்ணு, நோட்டு. உங்கம்மாவை எதிரில் உட்காரச் சொல்லு, மாமாவையும் கூப்பிடு. முதல்லேயிருந்து ஒண்ணு விடாமப் படிச்சுக் காட்டு. தரையைத் தட்டின இடத்தையும் விடாதே. வாயால வேண்டாம், கையால படி. முதல் வார்த்தை 'எனக்கு'ன்னு இருக்குது பாரு. அதுக்கு மூக்குல எந்தப் பக்கம் கிள்ளணும்னு உனக்குத் தெரியும்.